மனப்பாடத்துக்கு ஒரு கட்டுரை

தாளாளர் நல்லுசாமி என்னை ‘ஏனுங்க டீச்சர்’ என்று கூப்பிட்டால் எனக்குப் பயம் வந்துவிடும். அவர் ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆள். காய்கறிக் கமிஷன் கடையில் சம்பாதித்து, திண்டுக்கல்லுக்கும் செம்பட்டிக்கும் நடுவே எங்கள் மெட்ரிக் பள்ளியைக் கட்டினார். கோபம் வந்தால் ‘டீச்சர்’ என்று மொட்டையாகக் கத்துவார், அதோடு முடிந்துவிடும். மரியாதை கூடினால்தான் ஆபத்து. போன வருஷம் வரலாற்று டீச்சரிடம், ‘ஏனுங்க டீச்சர், வீட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா?’ என்று அவ்வளவு பிரியமாக விசாரித்தார். ஜூன் மாதம் அந்த அம்மாவுக்கு ஆர்டர் வரவில்லை.

ஆர்டர் என்றால் வேலை உத்தரவு. எங்கள் பள்ளியில் ஏப்ரலோடு எல்லோருக்கும் வேலை முடிந்துவிடும். ஜூனில் அவர் கையெழுத்துப் போட்டு ஒரு தாள் கொடுத்தால்தான் அடுத்த வருஷமும் டீச்சர். அந்தத் தாள் கையில் இருந்தால் என் மகள் வினோலியாவுக்கு அதே பள்ளியில் ஃபீஸ் கிடையாது. இல்லையென்றால் என் வேலையோடு அவள் படிப்பும் நடுத்தெருவில் நிற்கும். அதனால் ஜனவரி பிறந்தாலே நான் வாயைப் பொத்திக்கொண்டு நடப்பது வழக்கம்.

அந்த ஜனவரியில், பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு கூப்பிட்டு அனுப்பினார்.

“ஏனுங்க ஜோஸ்பின் டீச்சர், உக்காருங்க. மே தினத்துக்காக ஏதோ அறக்கட்டளை மாவட்ட அளவுல கட்டுரைப் போட்டி வெக்கிறாங்களாமா. தலைப்பு ‘குறைந்தபட்ச ஊதியம்: சலுகையா, உரிமையா?’ நம்ம பள்ளிக்கூடத்துக்கு முதல் பரிசு வரோணுமுங்க.”

இந்தப் போட்டிகள் எப்படி நடக்கும் என்று ஊருக்கே தெரியும். தலைப்பை முன்னாலேயே சொல்லிவிடுவார்கள். தமிழ் டீச்சர் கட்டுரை எழுதுவாள். பிள்ளை அதை மனப்பாடம் செய்து, போட்டி நடக்கும் மண்டபத்தில் போய் ஒரு கால்புள்ளி விடாமல் கொட்டிவிட்டு வரும். மழைநீர் சேகரிப்பு, சாலைப் பாதுகாப்பு, நெகிழி ஒழிப்பு என்று நான் எழுதாத தலைப்பு இல்லை. அவற்றில் எனக்கென்று கொள்கை எதுவும் கிடையாது. மரம் நடச் சொல்லி எழுதச் சொன்னால் நடச் சொல்வேன், அவ்வளவுதான்.

ஆனால் சம்பளத்தைப் பற்றி எழுதச் சொல்லி, அதுவும் என்னிடம், அதுவும் இத்தனை ‘ங்க’ போட்டுச் சொன்னால் நான் என்னவென்று நினைப்பது? கணக்கு டீச்சர் டெய்சி அப்போதுதான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பேச்சை ஆரம்பித்திருந்தாள். இந்த வருஷம் ஏப்ரலுக்கு முன்னால் எல்லா டீச்சர்களும் சேர்ந்து போய்ச் சம்பளத்தைக் கூட்டிக் கேட்போம் என்று. நானும் தலையை ஆட்டியிருந்தேன், சம்மதம் என்றும் சொல்லலாம், சோற்றைப் பிசைகிறேன் என்றும் சொல்லலாம், அப்படி ஒரு ஆட்டு. இது இவர் காதுக்குப் போயிருக்கிறது, யார் மனதில் என்ன இருக்கிறது என்று தூண்டில் போடுகிறார், முதல் மீன் நான்தான் என்று முடிவு கட்டினேன்.

வீட்டில் சொன்னபோது என் கணவர் ஜெரோம் சிரித்தார்.

“ஏம்மா, அந்தாளுக்குப் பரிசு வேணும், பேப்பர்ல பேர் வரணும். அம்புட்டுத்தான். நீ பாவசங்கீர்த்தனம் பண்ணப் போனாக்கூட, சாமியார் வெளிய சொல்லிருவாரோன்னு பாதிப் பாவத்தத்தானே சொல்லுவ.”

அது உண்மைதான். ஆனால் சாமியார் கையில் ஜூன் ஆர்டர் இல்லை.

முதல் கட்டுரையை ஒரே மூச்சில் எழுதினேன். ‘ஊதியம் என்பது உழைப்பின் பயன். உழைப்போர் நேர்மையுடன் உழைக்க வேண்டும். ஊதியம் தருவோர் மனமுவந்து தர வேண்டும். அரசு இதனைக் கண்காணிக்க வேண்டும். அப்போது நாடு செழிக்கும்.’ இதே ரீதியில் நான்கு பக்கம். படித்தால் யாருக்கும் கோபம் வராது, கொட்டாவிதான் வரும். எனக்கு வேண்டியதும் அதுதான்.

போட்டிக்கு நான் தேர்ந்தெடுத்தது பதினொன்றாம் வகுப்பு மணிமேகலையை. ஆத்தூர்ப் பக்கம் தோட்டத்தில் காய்கறி போடும் குடும்பம். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். ஆள் வாயில்லாப் பூச்சி. வருகைப்பதிவு எடுக்கும்போதுகூட ‘உள்ளேன்’ என்று சொல்லாமல் கையைத்தான் தூக்கும். இவளிடம் கொடுத்தால் எந்த விஷயமும் வெளியே போகாது என்றுதான் இவளை எடுத்தேன்.

சில நாள் கழித்து வந்து மேசை ஓரமாக நின்றாள்.

“மிஸ், மனசுல நிக்கவே மாட்டேங்குது மிஸ்.”

“ஏன்? நெகிழி ஒழிப்பு ரெண்டே நாள்ல படிச்சியே?”

“அதுல மாடு பிளாஸ்டிக் தின்னு செத்துப் போற மாதிரி ஒண்ணு இருந்துச்சு மிஸ். இதுல ஒண்ணுமே இல்ல. இந்தப் பக்கத்தப் படிச்சா அடுத்த பக்கம் மறந்துருது. ரெண்டும் ஒண்ணு போலவே இருக்கு.”

எனக்குச் சுருக்கென்றது. பிள்ளை சொன்னதில் பொய் இல்லை என்பதால் இன்னும் கோபம் வந்தது. போய்ப் படி என்று விரட்டிவிட்டு வராந்தாவுக்கு வந்தேன். ஆத்தூர் வேன் நின்றுகொண்டிருந்தது. அந்த வேனில் வரும் ஆயா மாயக்காள், யூ.கே.ஜி. பிள்ளை ஒன்று எடுத்த வாந்தியைத் தன் முந்தானையாலேயே துடைத்து, அது அழாமலிருக்க ஏதோ கதையும் சொல்லிக்கொண்டிருந்தாள். மனசில் நிற்கிற மாதிரிதானே வேண்டும், இரு என்று அன்று மாலையே உட்கார்ந்தேன்.

‘தன் பிள்ளை கண் விழிக்குமுன் கிளம்பும் ஒரு பெண், ஊரார் பிள்ளைகளைக் கைபிடித்து வண்டியில் ஏற்றுகிறாள். யாரோ பெற்ற பிள்ளையின் வாந்தியைத் தன் முந்தானையால் துடைக்கிறாள். கடைசிப் பிள்ளையும் இறங்கிய பின் வண்டியைக் கழுவிவிட்டு இருட்டில் வீட்டுக்கு நடக்கிறாள். அவள் கையில் விழுவது ஊதியம் அன்று, இரக்கம். இரக்கத்தில் குடும்பம் நடத்த முடியாது.’

பள்ளி என்ற சொல் எங்கும் வராமல் பார்த்துக்கொண்டேன். வண்டி என்றுதானே எழுதியிருக்கிறது, மாட்டு வண்டியாகக்கூட இருக்கலாமே என்று ஒரு சமாதானம். எழுதி முடித்ததும் யாரிடமாவது காட்டாமல் இருக்க முடியவில்லை. டெய்சியிடம் காட்டினேன். பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அவள் கொண்டுவரும் குழம்பை நானும் என் கூட்டை அவளும் பங்கு போட்டுத்தான் சாப்பிட்டோம். அவள் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“இது நம்ம மாயக்காதானே டீச்சர்?”

“சேச்சே, பொதுவா எழுதுனது.”

“பொதுவா எழுதுனா எனக்கு ஏன் கண்ணு கலங்குது?”

மணிமேகலை அந்தப் பத்தியை மறுநாளே மனப்பாடம் செய்துவிட்டாள். அதற்கடுத்த நாள் நல்லுசாமியிடமிருந்து ஆள் வந்தது.

“ஏனுங்க டீச்சர், ‘இரக்கத்தில் குடும்பம் நடத்த முடியாது’ன்னு ஒரு வரி வருதாமுங்களே.”

கட்டுரையை நான் அவரிடம் காட்டவே இல்லை.

“நல்லாத்தான் இருக்குதுங்க. சும்மா கேட்டேன்.” சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் போன வருஷத்து வரலாற்று டீச்சர்தான் நினைவுக்கு வந்தார்.

மணிமேகலை சொல்லியிருக்க மாட்டாள், அவளுக்குத்தான் வாயே கிடையாதே. மிச்சம் டெய்சி. யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தியது. போன வாரம் அவள் எதற்கோ ஆபீசுக்குப் போய் நெடுநேரம் கழித்து வந்தாள். இந்த வருஷக் கால அட்டவணையில் அவளுக்கு மட்டும் கடைசிப் பாடவேளை காலியாக இருக்கிறது. சம்பளப் பேச்சை ஆரம்பித்ததும் அவள்தான். நம் வாயைக் கிளறிவிட்டு அங்கே போய்ச் சொல்வதற்காகவே ஆரம்பித்திருப்பாளோ? சந்தேகம் என்று வந்துவிட்டால் சாட்சிக்குப் பஞ்சமே இருக்காது.

அன்றிலிருந்து நான் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு நூலக அறைக்குப் போனேன். காரணம் சொல்லவில்லை. சொன்னால் அதையும் போய்ச் சொல்லுவாள். முதல் நாள் டெய்சி ஒரு பிள்ளையிடம் கிண்ணம் கொடுத்து அனுப்பினாள். மூடியைத் திறந்தால் நெத்திலி வறுவல். “மிஸ், டெய்சி மிஸ் வெஞ்சனம் குடுத்துவிட்டாங்க” என்றது பிள்ளை. மூடியை மூடி அப்படியே திருப்பி அனுப்பினேன். அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை, நானும் தண்ணீரைக் குடித்துக் குடித்து வெறும் சோற்றை விழுங்கினேன்.

கட்டுரைக்கு இன்னொரு வேலை பாக்கி இருந்தது. ஒரு பக்கமாகவே பேசினால் நடுவர்கள் ஒப்பமாட்டார்கள். எதிராளி என்ன சொல்வான் என்பதையும் நாமே சொல்லி, அதற்குப் பதிலும் கொடுக்க வேண்டும். எதிராளிக்கு நான் எங்கே போவேன்? ஆசிரியர் கூட்டத்தில் நல்லுசாமி வருஷா வருஷம் பேசுவதை எல்லாம் எடுத்துத் தூய தமிழில் போட்டேன்.

‘கட்டுப்படியாகாது என்பர். டீசல் விலை ஏறும்போது எப்படியோ கட்டுப்படியாகிறது. பங்க்காரரிடம் எவரும் ஏழ்மை பேசுவதில்லை. மனித உழைப்பிடம் மட்டும் ஏன் பேரம்? பண்டிகைக்குச் சேலை எடுத்துத் தருகிறோம் என்பர். சேலை ஆண்டுக்கு ஒரு முறை, பசி அப்படி அன்று. வேறெங்கு போனாலும் இதுகூடக் கிடைக்காது என்பர். எங்கும் கிடைக்கவில்லை என்பதால்தான் சட்டம் ஒரு கோடு கிழித்திருக்கிறது. அந்தக் கோடு எவர் வீட்டுக் கருணையும் அன்று.’

அடுப்பில் பருப்பு தீய்ந்துபோனதுகூடத் தெரியாமல் எழுதினேன். இத்தனை வருஷம் யார் யாருக்கோ எழுதிக் கொடுத்தேன், ஒருநாளும் இப்படி ஒரு ருசி கண்டதில்லை. ஒரு வரியை அடித்துவிட்டு வேறு வரி போட்டால் உள்ளே ஏதோ சரியாகப் பூட்டிக்கொள்வது போல இருந்தது. ஜெரோமுக்கும் வினோலியாவுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஜெரோம் தீய்ந்த பருப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

சந்தோஷம் அன்று ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் தாங்கியது. பாத்திரம் கழுவும்போது பயம் பிடித்துக்கொண்டது. இதைப் படிக்கிற எவனுக்கும், தமிழ் டீச்சர் தன் சம்பளத்துக்குத்தான் அழுகிறாள் என்று தோன்றாதா? ஏற்கெனவே அவர் காதுக்கு எல்லாம் போகிறது. இதுவும் போகும். போகும்போது நம்மைக் காப்பாற்ற ஏதாவது ஒன்று அதிலேயே இருக்கட்டும் என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கடைசியில் இரண்டு வரி சேர்த்தேன்.

‘ஆனால் ஆசிரியப் பணி தொழில் அன்று, தொண்டு. அறிவுக்கண் திறக்கும் அப்பணியை ஊதியம் என்னும் தராசில் நிறுக்க நினைப்பதும் பாவம்.’

தராசு என்ற சொல்லைக் கமிஷன் கடைக்காரருக்காகவே பார்த்துப் போட்டேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இந்த முறை மணிமேகலையைத் தவிர யாரிடமும் காட்டவில்லை. அந்த வாரமே ஆபீசில் எனக்குக் காபி வந்தது. அந்த ஆபீசில் டீச்சருக்குக் காபி வந்து நான் பார்த்ததில்லை.

“ஏனுங்க டீச்சர், கடைசில தொண்டுன்னு போட்டீங்க பாருங்க, அங்கதானுங்க நிக்கறீங்க.”

டெய்சி இதைப் பார்க்கவே இல்லையே. அப்படியானால் நூலகத்தில் கேமரா வைத்திருக்கிறாரா? என் மேசை டிராயரை யாராவது திறக்கிறார்களா? வீட்டுக்கு வந்து வினோலியாவை நிற்கவைத்துக் கேட்டேன்.

“அம்மா எழுதுறத நீ யார்கிட்டயாவது சொன்னியா?”

“நான் எதுக்கும்மா சொல்லணும்? அதான் எல்லாருக்கும் தெரியுமே.”

வாய்க்கு வாய் பேசாதே என்று முதுகில் ஒன்று வைத்தேன். ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று கேட்கத் தோன்றவில்லை. ஊரையே சந்தேகப்படுகிறவளுக்கு, நேராக வந்து விழுந்த பதில் மட்டும் காதில் ஏறவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆத்தூரில் என் அக்கா மகளுக்குப் புதுநன்மை, முதல் நற்கருணை வாங்கும் நாள். விருந்து முடிந்து அங்கேயே தங்கிவிட்டு, திங்கள் காலை நானும் வினோலியாவும் பள்ளி வேனில் ஏறினோம். டிரைவர் பிரிட்டோ என்னைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தினான். மரியாதைக்கு நிறுத்துகிறான் என்று நினைத்தேன். அவன் பின்னால் திரும்பி, “ம், ஆரம்பி பாப்பா” என்றான்.

ஜன்னல் ஓரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த மணிமேகலை ஆரம்பித்தாள். அந்த வாயில்லாப் பூச்சிக்கு அப்படி ஒரு குரல் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ‘தன் பிள்ளை கண் விழிக்குமுன் கிளம்பும் ஒரு பெண்’ என்று அவள் எடுத்ததும் வேனில் பேச்சுச் சத்தம் அடங்கிவிட்டது. பிடித்த வரிகள் வந்தபோது பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து சொன்னார்கள். ‘பசி அப்படி அன்று!’ என்று எல்லோரையும்விட உரக்கக் கத்தியது நல்லுசாமியின் யூ.கே.ஜி. பேத்தி. தன் வீட்டுப் பிள்ளையே இந்த வேனில்தான் வருகிறது என்று பெற்றோரிடம் பெருமையாகச் சொல்வதற்காக அவர் அந்தப் பிள்ளையை அதில் அனுப்பிக்கொண்டிருந்தார்.

யார் போய்ச் சொன்னது என்று வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். சொன்னது அந்தக் குட்டிதான், சோறு ஊட்டும்போது தாத்தாவிடம் ஒப்பித்திருக்கிறது. மணிமேகலை வீட்டில் சத்தம் போட்டுப் படிக்க இடமில்லாமல், போகும்போதும் வரும்போதும் வேனில் படித்திருக்கிறாள். நான் திருத்தத் திருத்த, திருத்தியதெல்லாம் சுடச்சுட ஆத்தூரிலிருந்து செம்பட்டி வழியாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

“ஏத்தா, கோடு கிழிச்சத விட்டுட்டியே” என்று இடையில் மறித்தாள் மாயக்காள். மணிமேகலை நாக்கைக் கடித்துக்கொண்டு அந்த வரியைச் சேர்த்துச் சொன்னாள். பிறகு மாயக்காள் என் பக்கத்தில் வந்து கம்பியைப் பிடித்து நின்றாள்.

“டீச்சரம்மா, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். எங்கள மாதிரி ஆளுகளுக்கு சர்க்காரு நெசமாவே ஒரு கூலி வெச்சிருக்காகளா? இல்ல, கட்டுரைக்காகச் சும்மா எழுதுறதா?”

வேனே என்னைப் பார்த்தது. முன்னால் நல்லுசாமியின் பேத்தி உட்கார்ந்திருந்தது.

“இருக்கு” என்றேன், குரலைத் தாழ்த்தி. “ஆனா அதெல்லாம் போய்க் கேட்டுறாத மாயக்கா. வம்பு.”

“இருக்குன்னு சொல்லிட்டீகல்ல டீச்சர்” என்றான் பிரிட்டோ கண்ணாடியில் பார்த்து. “அது போதும்.”

டெய்சியிடம் அன்றே போயிருக்க வேண்டும். உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. எனக்கு வாய் வரவில்லை. அவளும் இதற்குள் என்மேல் கறுவிக்கொண்டிருப்பாள், நான் இறங்கிப் போனால் ஏறி மிதிப்பாள் என்று மனது சொன்னது. போட்டி முடியட்டும் என்று தள்ளிப்போட்டு நூலகத்திலேயே சாப்பிட்டேன்.

போட்டிக்கு முந்தின நாள் மணிமேகலை வந்து மேசை ஓரமாக நின்றாள்.

“மிஸ், கடைசி ரெண்டு வரிய விட்டுட்டா என்ன மிஸ்?”

“ஏன்? அதுவும் நிக்க மாட்டேங்குதா?”

“நிக்குது. ஆனா அதுவரைக்கும் சொன்னதுக்கு அது மாறா இருக்கு. எல்லாருக்கும் உரிமைன்னு சொல்லிட்டு, டீச்சருக்கு மட்டும் பாவம்னு…”

இவளை யார் தூண்டிவிட்டது என்றுதான் முதலில் யோசித்தேன்.

“குடுத்தத எழுதிட்டு வா. பெரிய நடுவர் ஆயிட்டியோ?” என்றேன்.

பிள்ளை தலையை ஆட்டிவிட்டுப் போனது. குடுத்ததை அப்படியே எழுதிவிட்டும் வந்தது.

முதல் பரிசு எங்களுக்குத்தான். உள்ளூர்ச் செய்தித்தாளில் படம் வந்தது, மணிமேகலை ஓரமாகவும் நல்லுசாமி நடுவிலும் நின்றார்கள். கட்டுரையை அச்சடித்து, சட்டம் போட்டு, வருகிறவர் போகிறவர் பார்க்கும்படி ஆபீசில் மாட்டினார். என்னைப் பார்த்தபோதெல்லாம் ‘ங்க’ மழையாகப் பொழிந்தது. ஜூன் நிச்சயம் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது.

மறு வாரம் ஒரு காலை. வேன்கள் பிள்ளைகளை இறக்கிவிட்டு வரிசையாக நின்றன. டிரைவர்களும் ஆயாக்களும் ஆபீஸ் வாசலில் வந்து கூடினார்கள். கூச்சல் எதுவும் இல்லை. பிரிட்டோதான் பேசினான்.

“ஐயா, நம்ம ஸ்கூல் எதுக்கு முதல் பரிசு வாங்குச்சோ, அதத்தான் கேக்க வந்திருக்கோம்.”

நான் மாடி வராந்தாவில் நின்று பார்த்தேன். நல்லுசாமி வழக்கம்போல் கட்டுப்படியாகாது என்று தொடங்கினார். “டீசலுக்கு ஆகுதேய்யா” என்றாள் மாயக்காள். சேலையைப் பற்றி வாயெடுத்தார். அதற்கும் கூட்டத்தில் யாரோ பதில் வைத்திருந்தார்கள். உள்ளே போய் ஆடிட்டரிடம் போனில் நெடுநேரம் பேசினார். பள்ளியின் பெயர் பேப்பரில் வந்த சூட்டில் இது வெளியே தெரிந்தால் நன்றாக இருக்காது என்று அவருக்கே புரிந்திருக்க வேண்டும். வெளியே வந்து, அடுத்த மாதத்திலிருந்து அரசு வைத்த கூலி என்று ஒத்துக்கொண்டார். மாயக்காள் மாடியைப் பார்த்து என்னைக் கும்பிட்டாள். நான் எழுதிய ஒன்று ஒரு மனுஷியின் வீட்டுக்குள் அரிசியாகப் போகப்போகிறது என்று நினைத்தபோது, சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு அழுகை வந்தது.

மதியம் டெய்சி நூலக வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

“எல்லாரும் போறோம். இப்பப் போனாத்தான் உண்டு. வாரீங்களா?”

போனேன். எல்லோருக்கும் பின்னால், கதவை ஒட்டி நின்றுகொண்டேன். டெய்சி தெளிவாகப் பேசினாள். நல்லுசாமி பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்து, சுவரிலிருந்து அந்தச் சட்டத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“ஏனுங்க டீச்சர், ஆடிட்டரு என்னமோ சட்டத்துல டீச்சருங்க வரமாட்டாங்கன்னு சொல்றாருங்க. சட்டத்தை விடுங்க. டிரைவருக்கும் ஆயாவுக்கும் எதை வெச்சுக் குடுத்தேனுங்க? இதை வெச்சுத்தானுங்க. இதுல எழுதியிருக்கறதுல ஒண்ணையும் நான் தட்டல. உங்களுக்கும் இதுல எழுதியிருக்குதுங்களே.” விரலை வைத்து மெதுவாகப் படித்தார். “‘தொழில் அன்று, தொண்டு. ஊதியம் என்னும் தராசில் நிறுக்க நினைப்பதும் பாவம்.’ அந்தப் பாவத்தை நான் எப்படீங்க பண்றது?”

அவர் தலையைச் சாய்த்து, எல்லோருக்கும் பின்னால் நின்ற என்னைத் தேடிப் பிடித்தார்.

“ஜோஸ்பின் டீச்சர், உங்க ஜூன் ஆர்டரத்தான் முதல்ல டைப் பண்ணச் சொல்லியிருக்கறேனுங்க.”

வராந்தாவில் நடந்து வரும்போது என் காலடிச் சத்தம் எனக்கே கேட்டது. ஆசிரியர் அறைக்குள் எல்லோரோடும் நானும் போனேன். அந்த அறைக்குள் போய் வெகு நாளாகியிருந்தது. இவர்கள் இப்போது என்ன நினைப்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும், அவர்கள் இடத்தில் நான் இருந்தால் நினைக்கக்கூடியது அதுதான். ஆர்டருக்காக அவரோடு பேசி வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறாள். காபிகூடக் குடித்திருக்கிறாள்.

“டெய்சி” என்றேன். “சத்தியமா அந்தாளு சொல்லி எழுதல. பயந்துபோய் நானாத்தான் எழுதுனேன்.”

“தெரியும் டீச்சர்.”

“அவரு சொல்லித்தான் எழுதுனேன்னு நீங்க யாரும் நினைக்கலையா?”

“எதுக்கு நினைக்கணும்?” டெய்சி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். “அந்த வரி வந்த அன்னிக்கே ஆறாங்கிளாஸ் பிள்ளைக சொல்லிக்கிட்டுத் திரிஞ்சதுக. இங்கதான் சாப்பிட்டுக்கிட்டே பேசுனோம். சிலருக்குக் கோபம்தான். நான்தான் சொன்னேன், ஜோஸ்பின் டீச்சர் பயத்துல எழுதியிருப்பாங்க, அடுத்த தடவ திருத்துறப்ப அவங்களே அடிச்சிருவாங்கன்னு. அவ்வளவு நல்லா எழுதுனவங்களுக்கு அது தெரியாமலா போகும்னு. போட்டி நாள் வரைக்கும் தினமும் பிள்ளைகளக் கேட்டுக்கிட்டே இருந்தோம், அந்த வரி போயிருச்சான்னு.”

நான் அவள் எதிரே உட்கார்ந்தேன்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டெய்சி.”

“எங்க வெச்சுச் சொல்றது டீச்சர்? நீங்கதான் சாப்பிட வாரதே இல்லையே.”

அவள் குரலில் கோபமே இல்லை. கொஞ்சமாவது கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்கு எதையாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.